பெயரும் உரிமையும்: பேர்க்கிலி யுனிக்ஸ் பிணக்கு

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடமளிக்கும் மரபு இன்று 'திறந்த மூலம்' என வழங்கப்படுகின்றது. இம்மரபின் வரலாற்றை உடைமை பற்றிய போராட்டமாகக் காட்டுவோர் பலர். ஆயின், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்துக்கும் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்துக்குமிடையே எழுந்த பிணக்கை நுணுகி நோக்குமிடத்து, உடைமையிலும் பார்க்கப் பெயரே அங்குப் பெரிதாயிருந்தமை புலனாகும்.

யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. தாய் நிறுவனமாகிய ஏ.ரி. அன்ட் ரி., 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்க ஆணையொன்றினால், தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆதலின் பல்கலைக்கழகங்கள் சிறு கட்டணத்தோடு மூலநிரலையே பெற்றன. பேர்க்கிலியில் பில் ஜோய் முதலானோர் அதனைத் திருத்தியும் பெருக்கியும் நாடாக்களில் வெளியிட்டு வந்தனர். 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டு வணிகத் தடை நீங்கவே, அனுமதிக் கட்டணம் ஏறலாயிற்று. பேர்க்கிலியின் நிரலை மட்டும் விரும்பியோரும் அக்கட்டணத்தைச் செலுத்தவேண்டியவராயினர்.

ஏ.ரி. அன்ட் ரி.யின் நிரல் கலவாத பகுதிகளைத் தனியே வெளியிடுவதே இதற்குக் கண்ட வழி. 1989இல் வலையமைப்புப் பகுதி அவ்வாறு வெளிவந்தது. எஞ்சியவற்றையும் புதிதாக எழுதுவிக்க முனைந்தவர் கீத் பொஸ்ரிக். பழைய நிரலைப் பாராது, வெளியான விளக்கங்களை மட்டும் கொண்டு எழுதுமாறு அவர் பலரையும் வேண்டினார். எழுதியோர்க்குக் கிடைத்த ஊதியம், தாம் எழுதிய கருவியின் பெயரருகே தம் பெயரும் பொறிக்கப்படுதல் ஒன்றே. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முக்கியமான கருவிகள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டன. 1991இல் இரண்டாம் வெளியீடு வந்தது.

இக்கோப்புகளின் தலைப்பகுதி வரலாற்று மாணவர் கூர்ந்து படிக்கத்தக்கது. பதிப்புரிமை பல்கலைக்கழக ஆளுநர் சபைக்குரியது என முதலிற் கூறப்படும். அதன் கீழே, இந்நிரல் இன்னார் பேர்க்கிலிக்கு அளித்ததிலிருந்து பெறப்பட்டது என்ற குறிப்பு வரும். சட்டம் அறிந்த உரிமையாளர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். இரண்டையும் ஒருங்கே பேணிய இவ்வரிகள் எவ்வொப்பந்தத்திலும் நேர்மையானவை என்பது எம் எண்ணம்.

1992இல், ஏ.ரி. அன்ட் ரி.யின் யுனிக்ஸ் பிரிவாகிய யுனிக்ஸ் முறைமை ஆய்வுகூடம், இவ்வெளியீட்டைக்கொண்டு வணிகம் தொடங்கிய பி.எஸ்.டி.ஐ. நிறுவனத்தின்மீது நியூ ஜேர்சியில் வழக்கிட்டது. பல்கலைக்கழகமும் பின்னர் எதிர்வாதியாயிற்று. 1993 மார்ச்சில் இடைக்காலத் தடையை மறுத்த நீதிபதி டெபவோய்ஸ், யுனிக்சின் 32வி என்னும் பழைய பதிப்பு பதிப்புரிமைக் குறிப்பின்றியே வழங்கப்பட்டமையைச் சுட்டினார். குறிப்பின்றி வெளியிடப்பட்ட ஆக்கம் அக்கால அமெரிக்கச் சட்டத்தின்படி பாதுகாப்பை இழக்கக்கூடும். கோடிக்கணக்கில் மதிக்கப்பட்ட உடைமை ஒரு பெயர்வரி இல்லாமையால் ஆட்டங்கண்டது!

பல்கலைக்கழகம் தொடுத்த எதிர்வழக்கும் பெயரைப் பற்றியதே. ஏ.ரி. அன்ட் ரி.யின் சிஸ்டம் வி பதிப்பிற் பேர்க்கிலியின் நிரல் பயன்பட்டிருந்தும், அனுமதிப்பத்திரம் வேண்டிய அங்கீகாரம் தரப்படவில்லை என்பது முறைப்பாடு. பணம் கேட்கப்படவில்லை என்றே கூறலாம். ஆவணங்களை உரிய குறிப்போடு மீள அச்சிடவேண்டும், பெரும் இதழ்களில் முழுப்பக்க அறிவித்தல் இடவேண்டும் என்பனவே கோரிக்கைகள். இதற்கிடையில் யுனிக்ஸ் பிரிவை நொவெல் நிறுவனம் வாங்கியது. 1994இல் இணக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்று. சுமார் 70 கோப்புகளில் மறுதரப்பின் பதிப்புரிமைக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. அவையும் தடையின்றிப் பரவின.

பெயர் வேட்கைக்கும் ஓர் எல்லை உண்டுபோலும். விளம்பரங்களில் எல்லாம் பல்கலைக்கழகத்தைக் குறிப்பிடவேண்டும் என்ற பேர்க்கிலி நிபந்தனையைப் பிறர் தத்தம் பெயரிட்டுப் படியெடுத்தனர். 1997ஆம் ஆண்டின் நெற்பிஎஸ்டி பதிப்பொன்றில் இத்தகைய 75 வாசகங்களை றிச்சட் ஸ்ரோல்மன் எண்ணிக் காட்டினார். 1999 யூலை 22இல் பல்கலைக்கழகம் அந்நிபந்தனையைக் கைவிட்டது. கோப்புகளின் பதிப்புரிமைக் குறிப்பைப் பேணவேண்டும் என்ற விதியை மட்டும் விடவில்லை. அதன் வாசகத்தைப் படியெடுத்திருந்த ஏனையோரை அம்முடிவு கட்டுப்படுத்தவில்லை.