பலகையும் அடுப்பும்: தமிழகக் கிளை உணவகங்களின் வரலாறு, வாலாஜாபாத் சாலையை முன்வைத்து

தமிழ்நாட்டின் காப்பி ஓட்டல்களைப் பற்றி எழுதப் புகும் எவரும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் ஆய்வைத் தொடாமல் நகர முடிவதில்லை. 2000ஆம் ஆண்டில் தமிழ் நூலாகவும் 2006இல் ஆங்கில நூலாகவும் வெளிவந்த தொகுப்புகளின் தலைப்புக் கட்டுரையான அது, காப்பியைத் தமிழ் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கத்தின், பண்பாட்டு அடையாளமாகவும், தேநீரை உழைப்பாளிகளின் பானமாகவும் பிரித்துக் காட்டுகிறது. காப்பி ஓட்டல் என்னும் புதிய பொதுவெளி சாதியைக் கரைத்ததா, காத்ததா என்ற கேள்வியையும் எழுப்புகிறது. காலனிய காலத்திற்கு இந்த வாசிப்பு பெரிதும் பொருந்துகிறது. ஆனால் அதன் முதன்மை அழுத்தம் முழுவதும் குடிப்பவர்மீது விழுகிறது. டிகாஷன் இறக்குபவரும் தோசை வார்ப்பவரும் இலை எடுப்பவரும் அதில் ஓரமாகவே நிற்கின்றனர். ஒரே பெயரில் பல ஊர்களில் நடக்கும் உணவகங்களை, இங்கே ‘கிளை உணவகங்கள்’ என்று சுட்டப்படுபவற்றை, இந்தக் கோணத்திலிருந்து விளக்கத் தொடங்கினால், எந்தக் கிளையில் சாப்பாடு நன்றாயிருக்கும், எதில் இராது என்ற எளிய கேள்விக்கே விடை கிடைப்பதில்லை. உண்பவரின் சாதியும் வர்க்கமும் ஓர் உணவகம் எங்கே தோன்றும் என்பதைச் சொல்லக்கூடும்; அது இரண்டாவது ஊரிலும் அதே ருசியோடு நிலைக்குமா என்பதை அடுப்படியில் வேலை செய்பவரின் நிலையே தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடுப்பி ஓட்டல்களையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். உடுப்பியைச் சுற்றியுள்ள துளு நாட்டுப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த சமையற்காரர்கள், உறவினரையும் ஊர்க்காரரையும் அடுத்தடுத்து வரவழைத்துக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்துத் தனிக்கடை வைத்து அனுப்பிய முறையில்தான் ‘உடுப்பி’ என்னும் பெயர் சென்னையிலும் பம்பாயிலும் பரவியது. அடுப்படி வேலையில் தொடங்கிச் சென்னையில் முதலாளியான கே. கிருஷ்ண ராவ், 1930களின் இறுதியில் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். தொடக்க ஆண்டாக 1938, 1939 ஆகிய இரண்டும் வழங்குவதால் அதை உறுதிப்படுத்த இங்கே முயலவில்லை. அப்பெயரே பின்னர் நியூ உட்லண்ட்ஸாகவும், 1962இல் கார்களில் அமர்ந்தே உண்ண வழிசெய்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னாகவும் கிளைத்தது. மைசூரில் 1921இல் தொடங்கிய தாசபிரகாஷ் குழுமமும் கன்னட, துளுப் பகுதிச் சமையல் உழைப்பின் மீதே எழுந்தது. இவற்றை ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்பதைவிட ஒரே சமையற்பயிற்சியின் கிளைகள் என்று கொள்வதே பொருந்தும். பெயரைப் பகிர்ந்தவர்கள் கைப்பழக்கத்தையும் பகிர்ந்தார்கள். இந்தப் பயிற்சி சாதி வேலிக்குள் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வளவில் வேங்கடாசலபதியின் எச்சரிக்கை இங்கும் செல்லும்.

அந்த வேலி பெயர்ப்பலகைகளிலும் எழுதப்பட்டிருந்தது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய முறை 1941இல் கைவிடப்பட்டது. ஓட்டல் பெயர்களில் ‘பிராமணாள்’ என்ற சொல் அதன் பிறகும் நீடித்ததால், 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் அறிவித்த மறியலில் தொண்டர்கள் மாதக்கணக்கில் நாள்தோறும் கைதாயினர். அச்சொல் பலகைகளிலிருந்து மெல்ல விலகியது. சமையற்கட்டின் ஆள்சேர்ப்பு அதே வேகத்தில் மாறியதாகக் கொள்ளச் சான்றில்லை. அதே 1957இல், காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடி ஊழியர்களை வெளியேற்றியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலில் அவ்வூழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து இந்தியன் காபி ஹவுஸை ஏற்று நடத்தத் தொடங்கினர். பரிமாறுபவரே உரிமையாளர் ஆன இந்தக் கிளை உணவகத்தைக் காப்பியின் சமூக வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது தவறு. காப்பி வர்க்க அடையாளம் என்ற வாய்பாட்டுக்கு உள்ளிருந்தே வந்த மறுப்பு அது.

அடுத்த திருப்பம் 1981 டிசம்பரில் சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரில் நேர்ந்தது. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து மளிகைக்கடை நடத்திய நாடார் சமூகத்து வணிகரான பி. இராஜகோபால் அங்கே சரவண பவனைத் தொடங்கினார். பிராமணச் சமையல் என்ற உத்தரவாதம் இல்லாத ஒருவர் சைவ டிபனில் முன்னிலைக்கு வந்ததை, பிராமணரல்லாத நடுத்தர வர்க்கம் வளர்ந்ததன் விளைவு என்று நுகர்வு வழி வாசிப்பு எளிதில் சொல்லிவிடும். அது பாதி உண்மை. மட்டமான சரக்கு வாங்கு, குறைந்த சம்பளம் கொடு என்று கூறிய ஆலோசகரை விலக்கித் தேங்காயெண்ணெயும் நல்ல காய்கறியும் பயன்படுத்தியதால் தொடக்கத்தில் மாதம் 10,000 ரூபாய் அளவுக்கு இழப்பு நேர்ந்ததாக அவரே கூறியுள்ளார். ஊழியருக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று அந்நிறுவனம் அளித்த சலுகைகள் பரவலாக அறியப்பட்டவை. முதலாளி தன்னைப் பற்றிச் சொல்லும் கதையை அப்படியே ஏற்க முடியாதுதான்; கொலை வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், அவ்வாண்டு ஜூலையில் அவர் இறந்ததும் அந்தக் கதையின் மற்றொரு பக்கம். எனினும், உரிமையாளர் வழக்கிலும் சிறையிலும் அலைக்கழிந்த ஆண்டுகளிலும் கிளைகள் பெருகிக்கொண்டிருந்தன என்பது கவனத்திற்குரியது. முதலாளியின் பெயரோ வாடிக்கையாளரின் விசுவாசமோ மட்டும் அதற்குப் போதுமான காரணமாகத் தோன்றவில்லை. பழகிய சரக்கு மாஸ்டர்களும், அதாவது டிபன் வகைகளைச் செய்யும் தலைமைச் சமையற்காரர்களும், சப்ளையர்களும் வேலையில் நிலைத்ததே வலுவான விளக்கமாகப் படுகிறது.

இந்த வாதத்தை எதிர்த்திசையிலிருந்து சோதிக்க ஒரு பலகை உதவுகிறது. சென்னையிலிருந்து தெற்கேயும் மேற்கேயும் செல்லும் நெடுஞ்சாலைகளில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று எழுதிய கடைகள் 2010களில் வரிசைகட்டித் தோன்றின. கீற்றுக்கொட்டகை, வாசலில் பளபளக்கும் பித்தளைப் பாத்திரம், பித்தளை டம்ளரும் அகன்ற வாயுள்ள டபராவும் என எல்லாக் கடைகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதால், வழிப்போக்கர் இவற்றை ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்றே எண்ணுவர். இவற்றுக்குப் பொது உரிமையாளர் இல்லை. ஒருவர் கடை ஓடியதைக் கண்டு அடுத்தவர் வைத்த கடைகள் இவை; பெரும்பாலானவற்றுக்குக் கும்பகோணத்தோடு பெயரளவில்தான் தொடர்பு. உடுப்பி ஓட்டல்கள் பெயரோடு கையையும் கொண்டு சென்றன. இவை பெயரையும் பித்தளையையும் மட்டும் கொண்டு சென்றன. விளைவை எவரும் குடித்துப் பார்க்கலாம். அன்றாடம் டிகாஷன் இறக்கத் தெரிந்த ஒருவர் நிலையாக இருக்கும் கடையில் காப்பி நிற்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கடையில் பாலும் சர்க்கரையும் மட்டுமே நிற்கின்றன.

அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்பது அதைவிட முக்கியமானது. குடும்பத்தோடு காரில் செல்பவர் மட்டும் அல்லர். லாரி ஓட்டுநரும், ஷிப்ட் முடிந்து திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியும், நிறுவனப் பேருந்தின் ஓட்டுநரும் அங்கே நிற்கின்றனர். காப்பி ஒரு வர்க்கத்துக்கு, தேநீர் மற்றொரு வர்க்கத்துக்கு என்ற பிரிவினை இந்தச் சாலையோரத்தில் செல்லுபடியாகவில்லை. இதற்கு எண்ணிக்கைச் சான்று காட்ட இயலாது என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பிரிவினைக்கே கிடைக்கும் சான்று பெரும்பாலும் இதழ்களிலும் நூல்களிலும் படித்தவர்கள் எழுதியவை. காப்பி குடித்த கூலியாளை அந்த எழுத்து பதிவு செய்யாமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இத்தகைய சாலையோரங்களில் ஒன்றின் மேற்குக் கோடியில் வாலாஜாபாத் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய, ஒரு காலத்தில் கும்பெனிப் படை முகாமாக இருந்த பாலாற்றங்கரை ஊர் அது. வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியே அங்கு வந்து சேரும் சாலையின் இரு மருங்கிலும், 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியதற்குப் பின்னரும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டதற்குப் பின்னரும், ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து நிறைந்தனர். இவ்வளவு பெரிய கூட்டம் வந்தும், பெயர்பெற்ற கிளை உணவகங்கள் தொழிற்பேட்டைகளுக்குள் செல்வதைவிட நெடுஞ்சாலை ஓரங்களையே நாடுவதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் உணவகம் அமைக்கச் செய்ய அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. எனவே பகல் பந்தி ஆலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே உள்ள கடைக்கு ஷிப்ட் மாறும் நேரமும் விடுமுறை நாளுமே மிஞ்சுகின்றன.

கிளை உணவகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் காட்டவும் இந்த வட்டாரத்திலேயே ஒரு பண்டம் இருக்கிறது. வாலாஜாபாத்துக்கு அருகில், காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் குடலை இட்லி, மூங்கில் குடலையில் இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுக்கப்படுவது. கிளை உணவகத்தில் ஓர் ஈடு இட்லி கால் மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். ஆகவே பட்டியலில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்ற பெயர் இடம்பெறும்போது, தட்டில் வருவது பெரும்பாலும் டம்ளரிலோ கிண்ணத்திலோ வேகவைத்த மிளகு–சீரக இட்லிதான். அது மோசமான பண்டம் அன்று. ஆனால் அது வேறொரு பண்டம்.

இப்போது சமையற்கட்டுகளிலும் மேசைகளிலும் ஒடிசா, பீகார், அசாம் மாநில இளைஞர்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். உறவு வழியாகக் கைப்பழக்கம் கடத்தப்பட்ட முறை தளர்ந்ததும், மாவையும் இனிப்பையும் மசாலாவையும் ஒரே இடத்தில் செய்து வண்டியில் அனுப்பும் மையச் சமையற்கூடம் அந்த இடத்தைப் பிடித்தது. இதனால் எல்லாக் கிளைகளிலும் ருசி ஒன்றாகிறது. ஆனால் மாஸ்டர் அன்றைய வெயிலுக்கு ஏற்ப மாவின் புளிப்பைக் கணித்த இடத்தில் இப்போது குளிர்பதனப் பெட்டியின் வெப்ப அளவு நிற்கிறது. இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்வதற்கில்லை. புதிய தொழிலாளிக்குக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் ஊதிய உயர்வும் தரும் நிறுவனம் எது என்பதைப் பொறுத்தே அந்த ஒருமை நல்ல ருசியின் ஒருமையா, வெறும் ஒருமையா என்பது அமையும்.

தொழிற்பேட்டை மக்களின் பெரும்பகுதி அன்றாடம் உண்பது பெயர்ப்பலகை உள்ள எந்தக் கடையிலும் அன்று, ஒப்பந்தக்காரர் சமைத்து ஆலைகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பும் உணவையே. அந்த ஒப்பந்தச் சமையலும் பல இடங்களில் ஒரே கையால் நடத்தப்படுவதால் ஒரு வகையில் கிளை உணவகமே. வாடிக்கையாளர் எழுந்து வேறு கடைக்குப் போக முடியாது என்பதே வேறுபாடு. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கைப்பேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றதைத் தொடர்ந்து, அவர்களின் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டு, 2022 சனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.