செல்லாக் காசும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்காமல் நம் கல்லூரிப் படிப்பை முடித்தவர் யாரும் இருக்க முடியாது. ராஜகிரி உச்சியில் மூச்சு வாங்க நின்று எடுத்த குரூப் போட்டோ இன்னும் பலர் வீட்டில் இருக்கும். அப்படி ஏறும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருத்தன் கண்டிப்பாக ஆரம்பிப்பான்: "தேசிங்கு ராஜா புதையல் இங்கதான் எங்கேயோ புதைஞ்சி கெடக்குதாம்டா!" அந்தப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. அன்று நாம் வாயால் மட்டும்தான் தேடினோம். இன்று மெட்டல் டிடெக்டரையே ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைத்துவிடுகிறார்கள்.

நான் வல்லம் பக்கத்து ஆள். படித்தது எலக்ட்ரானிக்ஸ். பொழுதுபோக்கு, பழைய காசு சேர்ப்பது. போன வருஷம் ஜூனியர் பசங்க இரண்டு பேர் வந்து, "அண்ணே, ஒரு டிடெக்டர் வாங்கிட்டோம். மழை விட்டதும் கோட்டைப் பக்கம் போகலாமா?" என்று கேட்டார்கள். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எத்தனை கை மாறிய கோட்டை!

செஞ்சி மண்ணில் இத்தனை வகைக் காசு கிடைப்பதற்குக் காரணம் அதன் வரலாறுதான். விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் ஆண்ட கோட்டையை 1649 வாக்கில் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து இங்கே உட்கார்ந்துகொள்ள, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகை போட்டார். 1698-இல் கோட்டை விழுந்தது. சுல்பிகர் கானின் 'நுஸ்ரத் ஜங்' என்ற பட்டத்தை வைத்து ஊர் பெயரே 'நுஸ்ரத்கட்' என்று மாறியது. அந்தப் பெயர் பொறித்த முகலாய வெள்ளி ரூபாய்களும் உண்டு. 1714-இல் ஆற்காட்டு நவாபோடு மோதி தேசிங்கு ராஜா உயிர் விட்டார். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தார்கள். சிப்பாய் கடைவீதியில் அரிசி, புகையிலை வாங்கினான். வாங்கும்போது சில்லறை கீழே விழுந்தது. அதற்கும் முன்னால் சோழர் காலத்துச் செப்புக் காசு: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் உட்கார்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். அதன் பிறகு விஜயநகரக் காசு, மராட்டியரின் சிவராய். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் 'துட்டு'வில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறு பக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று இருக்கும். அந்நியன் அடித்த காசில் நம் எழுத்து!

இன்னும் பின்னால் போனால், செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு இருக்கிறது. புதுச்சேரி அருகே அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலி நாட்டு மண்பாண்ட ஓடுகள் அங்கே கிடைத்தன. நம்ம ஊர் ஆறு ரோமாபுரி வணிகத்தைப் பார்த்த ஆறு.

சங்க காலப் பாண்டியரின் காசு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று பெயர் இருப்பதை 1980-களின் நடுவில் கண்டறிந்தவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. இலக்கியத்தில் மட்டும் கேட்ட ஒரு பெயர், கையில் வைத்துப் பார்க்கும் சாட்சியாக மாறியது. அந்தச் சின்னச் செப்புத் துண்டை யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால் எழுத்தெல்லாம் அன்றைக்கே சாக்கடையோடு போயிருக்கும்.

கருவிக்கு என்ன தெரியும்?

டிடெக்டரில் மந்திரம் ஒன்றும் இல்லை. வட்டமான காயிலில் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, எதிர்ப்புலம் ஒன்று திரும்பி வரும். இன்னொரு காயில் அதைப் பிடித்து 'பீப்' என்று கத்தும். அவ்வளவுதான். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டைத் தேட, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் இப்படி ஒரு கருவி செய்து பார்த்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் ஒரு காரணம் என்பார்கள்.

செஞ்சியிலும் அந்தக் கதைதான். நம் செம்மண்ணில் இரும்புத் தாது அதிகம். கருவி சும்மா சும்மா கத்தும். ஒற்றைக் காசு என்றால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே சாதாரணக் கருவிக்குத் தெரிவதே கஷ்டம். தோண்டினால் பெரும்பாலும் வருவது சோடா மூடி, லாட ஆணி, சிகரெட் பெட்டித் தகடு.

சரி, காசே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான நஷ்டம் ஆரம்பிக்கிறது. ஒரு சர்க்யூட் போர்டிலிருந்து ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தால், அதன் மதிப்பு எத்தனை ஓம் என்று நான் சொல்லிவிடுவேன். அது எந்த வேலைக்காக அங்கே இருந்தது என்று சொல்ல முடியாது. காசும் அப்படியே. எந்தத் தளத்துக்குக் கீழே, எந்தச் சாம்பல் அடுக்கோடு, எந்த ஓட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் சுவருக்கும் தரைக்கும் வயது சொல்லும். குழி பறித்து எடுத்தால் காசு மிஞ்சும், சேதி போய்விடும்.

1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு போனார். கிடைத்தது ரோமானியப் புதையல். கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள். அவை எந்தப் பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது வரை தெரிந்தது. அவருக்கு 17.5 லட்சம் பவுன் பரிசு கிடைத்தது. அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது மியூசியத்தில்தான் இருக்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

செஞ்சிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து அந்தத் தொகுப்பில் இருப்பது இது ஒன்றுதான். இனிமேல் நம் பொறுப்பு கூடுதல்.

சொந்த நிலத்தில் ஏர் ஓட்டும்போது கிடைத்தால்? அதற்கு 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். செப்புக் காசுக்கு உலோக விலை என்ன வரும்? ஒரு டீக்குக் கூடப் போதாது. "இதுக்குப் போயி ஆபீசு ஆபீசா அலையணுமா தம்பி?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டபோது பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. இங்கிலாந்தில் 1996-இல் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். மியூசியம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பை ஒட்டிப் பரிசு உண்டு. புதையல் கணக்கில் வராத சில்லறைப் பொருள்களையும் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் சட்டத்துக்கு வயது 140-ஐத் தாண்டிவிட்டது. நேர்மையாகச் சொல்பவனுக்கு மரியாதை கிடைத்தால்தான் காசு உருக்குபவனிடம் போகாமல் இருக்கும். ஆனாலும் முறையாக நடந்த உதாரணம் நம்மிடமும் உண்டு: 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் சீரமைப்பு வேலையின்போது செம்பில் கிடைத்த 505 பொற்காசுகள் எண்ணி, எடை போட்டு, அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

தேய்க்காதீர்கள்!

அரசிடம் ஒப்படைக்கப் போகும் காசைக் கழுவவே வேண்டாம். மண்ணோடு காகிதத்தில் மடித்துக் கொடுங்கள். கீழே சொல்வது பாட்டி பெட்டியில் இருந்ததற்கும், முறையாக வாங்கியதற்கும் மட்டும்.

புளி, எலுமிச்சை, செங்கல் தூள், பாத்திரம் துலக்கும் பவுடர், ஆசிட் எதுவும் கூடாது. பல நூறு வருஷம் மண்ணில் கிடந்த செம்பின் மேல்தோல் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறியிருக்கும். பல காசுகளில் எழுத்து தங்கியிருப்பதே அந்தத் தோலில்தான். அதை உரித்தால் பளபளவென்று ஒரு செல்லாக் காசு மிஞ்சும். எடையும் குறையும். எடைதான் காசை அடையாளம் காண முக்கியக் குறிப்பு.

முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊற வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும், ஆகாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இளகிய மண்ணை மென்மையான பிரஷ்ஷால், இல்லையென்றால் மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஊசி, பிளேடு வேண்டாம். வராததை விட்டுவிடுங்கள். நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பொற்காசுக்குத் தண்ணீர் மட்டும் போதும். வெள்ளியில் கருமை இருந்தால் இருக்கட்டும்.

செம்பில் வெளிர்பச்சையாக மாவு பூத்தால் உஷார். அது குளோரைடு நோய். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தானே அமிலத்தை உண்டாக்கி உலோகத்தைத் தின்னும். அந்தக் காசைத் தனியாக வைத்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்வாகப் பாதுகாத்து, நிபுணரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1930-களிலேயே வெண்கலச் சிலைகளின் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க வேதியியல் ஆய்வகம் நடத்தியது.

மொபைல் சார்ஜரை வைத்து 'எலக்ட்ராலிசிஸ்' செய்வதாகப் பசங்க சொன்னார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனாகச் சொல்கிறேன், வேண்டாம். உப்புத் தண்ணீரில் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் ஸ்பூனை மின்முனையாகப் போட்டால் நச்சு குரோமியம் கரையும். காசின் தோல் மொத்தமாகக் கழன்று விழும். ஆய்வகத்தில் செய்வது வேறு, அடுப்படியில் செய்வது வேறு.

கடைசியாக, வைக்கும் இடம். மெத்தென்ற பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் அமிலம் கக்கும். ஈயக் காசை மரப்பெட்டியில் வைத்தால் மரத்தின் ஆவியே அதை அரிக்கும். அமிலமில்லாத காகித உறைதான் நல்லது.

ஜூனியர் பசங்க இப்போது அந்தக் கருவியைச் சித்தப்பா கொல்லையில் தொலைந்த மோட்டார் போல்ட்டைத் தேட வைத்திருக்கிறார்களாம். நல்ல வேலைதான். நம்மில் ஆசிரியர்களாக, வருவாய்த் துறையில், வங்கியில் இருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் ஊரில் யாராவது ஒரு பச்சைக் காசைக் கொண்டுவந்து காட்டினால் மூன்றே மூன்று விஷயம் சொல்லுங்கள்: தேய்க்காதே, கிடைத்த இடத்தைக் குறித்து வை, தாசில்தார் ஆபீசுக்கு நான் கூட வருகிறேன். அந்த மூன்றாவது வார்த்தைதான் ரொம்ப முக்கியம். ஆள் துணை இருந்தால் நம்ம ஜனங்க நேர்மையாக நடக்கத் தயங்குவதில்லை.