மூன்றாம் ஆண்டின் ஓட்டம்

கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரி. அவனோடு பொருது அவனை வீழ்த்தியவன் திருக்கோவலூர்த் தலைவன் மலையமான் திருமுடிக் காரி. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை இப்போரைக் குறிப்பிடும்போது இருவருடைய குதிரைகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். மன்னன் பெயரைக் குதிரை ஏற்றதா, குதிரையின் பெயரை மன்னன் ஏற்றானா என்பது நமக்கு முக்கியமன்று. இன்றைய நாமக்கல் மாவட்டத்து மலையொன்றின் தலைவனைப் பாடிய புலவர், அவன் ஊர்ந்த விலங்கையும் பெயரோடு வரலாற்றில் நிறுத்தினார் என்பதே முக்கியம்.

அந்தக் கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து விரியும் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆங்கில முறைப் பந்தயத்திடல் எதுவும் பெயர்பெற்று விளங்கியதில்லை. ஆனால் அதற்குக் கிழக்கே சென்னைக் கிண்டி, வடக்கே பெங்களூர், மேற்கே உதகை என மூன்று புகழ்பெற்ற திடல்கள் சூழ்ந்திருந்தன. கிண்டியிலிருந்து நீலகிரிக்குச் செல்லும் நேர்வழி இச்சமவெளியைக் கடந்தே போகிறது. குதிரைப் பந்தயத்தின் வரலாற்றை இச்சமவெளியில் நின்று பார்த்தால், திடலின் மாடத்தில் அமர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சில செய்திகள் தெரியக்கூடும். அதற்கான ஒரு முயற்சியே இக்கட்டுரை.

பந்தய உலகில் ஆண்டுதோறும் சில வார இறுதிகள் தனிச்சிறப்பு உடையவை. 'டெர்பி' எனப்படும் பெரும்பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அதில் ஓடவிருக்கும் மூன்று வயதுக் குதிரைகள் சற்றுக் குறைந்த தூரங்களில் ஒன்றோடொன்று மோதிப் பார்க்கும். இவற்றைத் தமிழில் வெள்ளோட்டம் என்று சொல்வதே பொருத்தம். புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் அதனை ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். அச்சு தாங்குகிறதா, சக்கரம் வளைவில் திரும்புகிறதா என்று தச்சர் கவனிப்பார். குதிரையின் வெள்ளோட்டமும் அத்தகையதே. வென்றது யார் என்பதைவிட, எப்படி ஓடியது என்பதே அங்கே கேள்வி.

ஏன் மூன்று வயது? இவ்வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. அதற்கு முன்பு ஐந்து, ஆறு வயது முதிர்ந்த குதிரைகள் நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் பலமுறை ஓடி வலிமையைக் காட்டின. பின்னர் இளங்குதிரைகளைக் குறைந்த தூரத்தில் ஒரே ஓட்டத்தில் சோதிக்கும் முறை வந்தது. 1776இல் செயின்ட் லெஜர், 1779இல் ஓக்ஸ், 1780இல் எப்சம் டெர்பி, 1809இல் இரண்டாயிரம் கினி, 1814இல் ஆயிரம் கினி என ஐந்து பந்தயங்கள் அமைந்தன. 1791இல் குதிரைகளின் வமிசாவளிப் பதிவேடு அச்சாயிற்று. தரோபிரெட் என்னும் இவ்வினத்தின் ஆண்வழி முழுவதும் பையர்லி துருக்கி, டார்லி அரபி, கோடால்ஃபின் அரபி என்ற மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் சென்று முடிகிறது. விரைவில் சோதித்தால் விரைவில் விற்கலாம், விரைவில் இனப்பெருக்கத்துக்கும் அனுப்பலாம். மூன்று வயது என்ற எல்லையில் வணிகத்தின் கை தெளிவாகவே தெரிகிறது. குதிரையின் எலும்புகள் யாவும் முதிர்ந்து இறுக ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை இங்கு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1780 என்ற ஆண்டு நமக்கு வேறொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு மே மாதம் எப்சம் திடலில் சர் சார்லஸ் பன்பரியின் டையோமெட் முதல் டெர்பியை வென்றது. அதே ஆண்டு ஜூலையில் ஹைதர் அலியின் குதிரைப்படை மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகப் பகுதியில் பாய்ந்தது. கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இலேயே தொடங்கிவிட்டது. ஆக, ஒரே காலத்தில் இந்நாட்டில் இருவகைக் குதிரைகள் ஓடின. கிண்டியில் ஓடியது பொழுதுபோக்குக்கு. சமவெளியில் ஓடியது உயிருக்கு. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இப்பகுதியை ஊர் ஊராகச் சென்று அளந்து வரி விதித்தனர்.

நிலம் கைக்கு வந்ததும் படைக்குக் குதிரை தேவைப்பட்டது. பழைய சேலம் மாவட்டத்தின் வடகோடியில் இருந்த ஓசூரில், மத்திகிரி அருகே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கும்பினிப் படைக்கான குதிரைப் பண்ணை அமைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்த 'வேலர்' குதிரைகள் சென்னைக் கடற்கரையில் இறக்கப்பட்ட காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதின்மங்களில் அப்பண்ணை கால்நடைப் பண்ணையாக மாறியது. குதிரைகள் போய்ப் பசுக்களும் காளைகளும் வந்தன. மானாவாரிக் கொல்லைகளில் கொள்ளு விளையும் மாவட்டம் இது. குதிரையைத் தன் மண்ணில் பெருக்காத நாடு, குதிரைக்கு உணவு விளைவித்தது.

குதிரை நமக்கு எப்போதும் வெளியிலிருந்து வந்த செல்வமே. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை துறைமுகத்துப் பொருள்களுள் ஒன்றாகச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரியாமையால் மடிந்தன என்று எழுதினார். விலை கொடுக்கத் தெரிந்திருந்தோம், வளர்க்கத் தெரியவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அயல்நாட்டார் கூற்றாயினும், இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

உதகையில் 1886 முதல் பந்தயங்கள் நடந்தன. சென்னைப் பந்தயக் கழகம் 1896இல் அமைந்தது. இங்கிலாந்தின் ஐந்து பந்தயங்களும் பெயர் மாறாமல் இங்கே வந்து சேர்ந்தன. இந்தியாவில் பிறந்த குதிரைகளுக்கான பெரும்பந்தயங்கள் பம்பாயில் 1942-43இல் தொடங்கின. 1943 ஜனவரியில் மகாலட்சுமித் திடலில் நடந்த முதல் இந்திய டெர்பியைப் பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டைக் குதிரை வென்றது. ஓட்டியவர் எட்கர் பிரிட் என்னும் ஆஸ்திரேலியர். டிசம்பரில் நடக்கும் இரண்டு கினிப் பந்தயங்களே அந்த டெர்பிக்கு வெள்ளோட்டம் ஆயின. எந்த மாதத்தில் பிறந்தாலும் எல்லாக் குதிரைகளுக்கும் ஜனவரி முதல் நாளே பிறந்தநாள் என்பது பந்தயக் கணக்கு. ஆகவே டிசம்பரில் மூன்று வயதாக ஓடிய குதிரை, பிப்ரவரிக்கு நகர்ந்துவிட்ட இந்திய டெர்பியில் நான்கு வயதாகக் கணக்கிடப்படும். உதகையில் சித்திரை பிறக்கும்போது பருவம் தொடங்கி, கினிப் பந்தயங்களும் அவற்றின் பின் நீலகிரி டெர்பியும் கோடைக்குள் நடந்து முடிந்துவந்தன.

வெள்ளோட்டத்தைப் படிப்பது ஒரு கலை. திங்கட்கிழமை நாளேட்டில் வென்ற குதிரை, எடுத்த நேரம், இடைவெளி ஆகியவை மட்டுமே வரும். தேர்ந்த கண் வேறு சிலவற்றைத் தேடும். கடைசி இருநூறு மீட்டரில் குதிரையின் கால்வீச்சு நீண்டதா, குறுகியதா? ஜாக்கி சாட்டையைத் தொட்டாரா, தொடாமலே வந்தாரா? 1600 மீட்டரில் மூன்றாவதாக வந்த குதிரை, எல்லையைக் கடந்த பின்னும் வேகம் குறையாமல் ஓடியதென்றால், 2400 மீட்டரில் அது முதலாவதாக வரக்கூடும். வென்ற குதிரையோ தன்னிடம் இருந்தது அனைத்தையும் அன்றே செலவழித்திருக்கலாம். பயிற்சியாளர் பலரும் வெள்ளோட்டத்தில் குதிரையை முழு உச்சத்துக்குக் கொண்டுவர விரும்புவதில்லை. அமெரிக்காவில் 2013 முதல் கென்டக்கி டெர்பிக்கு வெள்ளோட்டப் பந்தயங்களில் பெறும் புள்ளிகளைக் கொண்டே இடம் ஒதுக்குகின்றனர். அங்கு ஓடக்கூடியவை இருபது குதிரைகள் மட்டுமே. அதனால் வெள்ளோட்டத்திலேயே முழுமூச்சாக ஓட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. வெள்ளோட்டம் தேரோட்டமாகிவிட்டால் அச்சின் குறையைக் கண்டறிய நேரம் ஏது?

இங்கே நாம் நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூன்றாம் வயதில் தோற்ற குதிரை என்னவாகிறது? மாணவன் தேர்வில் தவறினால் மறு ஆண்டு எழுதலாம். குதிரைக்கு அந்த மறு ஆண்டு கிடையாது. டெர்பி வாழ்வில் ஒருமுறையே. மற்ற பந்தயங்களில் சில ஆண்டுகள் ஓடலாம். அதன் பின்னர்ச் சிலவற்றுக்குக் காவல்துறைக் குதிரைப்படையோ சவாரிப் பள்ளியோ வாய்க்கும். ஏனையவற்றின் கதை எந்த நாளேட்டிலும் வருவதில்லை. பந்தய வரலாறு எழுதியவர்கள் உரிமையாளர்களையும் ஜாக்கிகளையும் பரிசுத்தொகையையும் எழுதினார்கள். எதிர்த்து எழுதியவர்கள் சூதாட்டத்தால் அழிந்த குடும்பங்களை எழுதினார்கள். அது எழுதப்பட வேண்டிய வரலாறே. எனினும் இருதரப்பின் நூல்களிலும் குதிரை பின்னணிதான்.

சட்டத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கழகத்தையே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் குருட்டு அதிர்ஷ்டமன்று, திறனைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்து 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அத்தீர்ப்பின் அடிப்படை கவனிக்கத்தக்கது. பயிற்சியால் குதிரை பெற்ற வேகமும் தாங்கும் ஆற்றலும் ஓட்டுபவரின் தேர்ச்சியுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்றது நீதிமன்றம். கழகத்தைக் காப்பாற்றியது குதிரையின் திறன். ஆனால் அத்திறனுக்கு உரிய விலங்கு, ஓட்டம் முடிந்தபின் எவ்வாறு வாழ வேண்டும் என்பது வழக்கின் பொருளாக இருக்கவில்லை.

2024 ஜூனில் உதகைத் திடலின் 52 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும், அவ்வாண்டு செப்டம்பரில் 1945ஆம் ஆண்டின் 99 ஆண்டுக் குத்தகையை ரத்துசெய்து கிண்டியின் 160 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது. வாடகை நிலுவையே காரணம். வழக்குகள் தொடர்ந்தன. பொதுநிலம் பொதுமக்களுக்குப் பயன்படுவதை எதிர்க்க நமக்குக் காரணமில்லை. பூங்காவும் நீர்நிலையும் நகரத்துக்குத் தேவை. ஆனால் நிலத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நடந்த அத்தனை விவாதத்திலும் இலாயத்தில் நின்றவற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவாகவே கேட்டது. காளைக்காக 2017இல் மெரினா நிறைந்தது. குதிரைக்காக ஒரு தெருமுனைகூட நிறையவில்லை. அது பணக்காரர் வீட்டு விலங்கு என்று நாம் எண்ணிவிட்டோம்.

உண்மையில் அது பணக்காரர் வீட்டு விலங்கு மட்டும்தானா? சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் கோயில் விழாக்களையொட்டிக் குதிரை வண்டிப் பந்தயங்கள் நடப்பதைப் பலரும் பார்த்திருக்கிறோம். இருசக்கர இலகு வண்டியில் பூட்டிய குதிரை, தார்ச்சாலையில் குறித்த மைல் சென்று திரும்பி வர வேண்டும். பெரிய குதிரை, சிறிய குதிரை எனப் பிரிப்பார்கள். களத்துக்குப் புதியவற்றுக்குப் 'புதிய குதிரை' எனத் தனிப் பந்தயம் வைப்பதும் உண்டு. நம் சமவெளியின் வெள்ளோட்டம் இதுதான். இக்குதிரைகளுக்கு அச்சிட்ட வமிசாவளி கிடையாது. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வரும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளின் வழிவந்தவை பல. இங்கே வயது ஒருநாளில் முடிவுசெய்யும் எல்லையன்று. இவ்வாண்டு தோற்ற குதிரை அடுத்த ஆண்டும் வரும். வளர்ப்பவரும் ஓட்டுபவரும் பெரும்பாலும் ஒரே வீட்டாராகவோ ஒரே தெருவினராகவோ இருப்பர்.

இதைப் போற்றுதலாக மட்டும் சொல்லிவிட முடியாது. கொதிக்கும் தார்ச்சாலை குளம்புக்கு உகந்ததன்று. பின்னால் துரத்தி வரும் இருசக்கர வாகனங்களின் இரைச்சலும் சாட்டையும் குதிரையை வெருட்டுகின்றன. பொதுச்சாலையில் நடப்பதால் விபத்துகளும் நேர்கின்றன. புல்தரையும் மருத்துவரும் கிண்டிக்கு இருந்தன, சமவெளிக்கு இல்லை. சமவெளிக்கு இருக்கும் மறுவாய்ப்பு கிண்டிக்கு இல்லை.

புறநானூற்றில் குதிரை மறம் என்றொரு துறை உண்டு. அதில் பொன்முடியார் பாடிய 299ஆம் பாட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. சிற்றூர்த் தலைவன் ஒருவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. பெருமன்னரின் குதிரைகள் நெய்யூட்டிய உணவு உண்டவை. போர்க்களத்தில் முன்னது படையைப் பிளந்து சென்றது, பின்னவை ஒதுங்கி நின்றன. ஏழைக் குதிரை வென்றது என்ற மகிழ்ச்சிக்காகவே இப்பாட்டை எடுத்துக்காட்டுவது வழக்கம். அதில் மற்றொரு கூறும் உண்டு. குதிரை என்ன தின்றது என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார். வெற்றியைப் பாட வந்தவர் தீவனத்திலிருந்து தொடங்கினார்.

மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டுக்கு நம் மறுமொழி அங்கேதான் இருக்க வேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அந்தியூர்ச் சந்தை அதிலிருந்து வெகுதொலைவில் இல்லை. சமவெளியின் குதிரைகளுக்கு வயதும் நலமும் பார்த்து, எந்த வயதில் ஓடலாம், எவ்வளவு தூரம் ஓடலாம், எத்தரையில் ஓடலாம் என்று வரையறுக்க இயலாத நிலையில் நாம் இல்லை. திடல்கள் இருந்தாலும் மறைந்தாலும் குதிரைகள் இங்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடி முடித்த குதிரைக்கு எங்கே நிழல், யார் கையில் கொள்ளு என்பது எழுதப்படும் நாளில்தான் நம் குதிரை வரலாறு தொடங்கும். அதுவரை எழுதப்பட்டவை பந்தயத்தின் கணக்குகளே.