மஷூராவில் வாலிபருக்கு ஓர் இடம்



பல்லாண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் இமாமாகப் பணியாற்றிவந்தபோது அங்கு ஜமாஅத் பொதுக்குழு கூடியது. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டதும், கல்லூரியில் பயிலும் வாலிபர் ஒருவர் எழுந்து, மையவாடிச் சுவர் கட்டிய செலவைப் பற்றி விளக்கம் கேட்டார். அடக்கமாகத்தான் கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, உட்காருங்க. உங்க வாப்பா வந்திருக்காருல்ல, அவரு கேட்டுக்குவாரு" என்றார். சபை சிரித்தது. வாலிபர் அமர்ந்துவிட்டார். அதன்பின் தொழுகைக்கு வந்தாரேயன்றி, கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. அந்தச் சபையில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகிறது.

"இக்கால வாலிபர்களுக்குப் பொதுக்காரியங்களில் அக்கறை இல்லை" என்று நாம் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறோம். அவர்களுக்கு இயல்பிலேயே அக்கறை இல்லையா, அன்றி அக்கறையோடு எழுந்தவர்களை நாம்தாம் அமரச் செய்துவிட்டோமா? வரலாற்றின் துணைகொண்டு இதனைச் சிறிது சிந்திப்போம்.

உஹத் தரும் பாடம்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625). மக்கத்துக் குறைஷிகள் பெரும்படையோடு மதீனாவை நெருங்கினர். நகருக்குள் இருந்தபடியே எதிர்கொள்வதா, வெளியே சென்று போரிடுவதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு மஷூரா செய்தார்கள். நகருக்குள் இருப்பதே நபியவர்களின் சொந்தக் கருத்தாக இருந்தது. ஆனால் பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பைப் பெறாத தோழர்கள், சிறப்பாக வாலிபர்கள், வெளியே செல்லவேண்டும் என்று ஆர்வத்தோடு வாதாடினர். நபியவர்கள் தம் கருத்தை விட்டுக்கொடுத்து அவர்களுடைய கருத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் போரின் முடிவை நாம் அறிவோம். குன்றின்மீது நிறுத்தப்பட்ட வில்லாளர்களுள் பெரும்பாலோர் இடத்தைவிட்டு அகன்றதால் வெற்றி கைநழுவியது. ஹம்ஸா (ரழி) உள்ளிட்ட ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதானார்கள். "வாலிபர் பேச்சைக் கேட்டதால் வந்த வினை, இனி மஷூராவே வேண்டாம்" என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வேறு இருந்திருக்க முடியாது. ஆனால் உஹதைப் பற்றிப் பேசும் ஆலு இம்ரான் அத்தியாயத்தில், 159ஆம் வசனத்தில், அத்தோழர்களை மன்னிக்குமாறும், அவர்களோடு தொடர்ந்து கலந்தாலோசிக்குமாறும் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிடுகின்றான். இழப்பு நேர்ந்த பின்னும் ஆலோசனையின் வாயில் அடைக்கப்படவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்கள், பத்ரில் கலந்துகொண்ட மூத்தோர் அமர்ந்திருக்கும் தம் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களையும் அமரவைத்தார்கள். "இவர் வயதில் எங்களுக்குப் பிள்ளைகள் இருக்கின்றனரே" என்ற முணுமுணுப்பு எழுந்தது. உமர் (ரழி) அவர்கள் அதற்கு நீண்ட விளக்கம் அளிக்கவில்லை. அந்நஸ்ர் அத்தியாயத்தின் கருத்தைச் சபையோரிடம் கேட்டார்கள். பிறகு அந்த இளைஞரிடமும் கேட்டார்கள். நபியவர்களின் மறைவு நெருங்கியதை அது உணர்த்துகிறது என்று அவர் கூறிய விடையே அவருக்குரிய இடத்தை நிலைநாட்டியது. முதலில் இடம் தரப்பட்டது. தகுதி அதன்பின் வெளிப்பட்டது.

நம் நாட்டின் அனுபவம்

இதே உண்மையை நம் நாட்டு வரலாற்றிலும் காண்கிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்தும் கல்வியும் உடைய சிறுபான்மையோருக்கே வாக்குரிமை இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், 326ஆவது பிரிவின் வாயிலாக, 21 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் எவ்வாறு வாக்களிப்பர் என்று ஐயுற்றோர் பலர். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அந்த மக்களே ஐயத்தைப் போக்கினர்.

18 வயதினரைப் பற்றியும் அவ்வாறே ஐயம் இருந்தது. 1988 டிசம்பரில், ராஜீவ் காந்தி அவர்களின் ஆட்சியில், அரசியலமைப்பின் 61ஆவது திருத்தத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. 1989 மார்ச் 28 முதல் வாக்குரிமை வயது 18 ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அவ்வுரிமையை வழங்கிய ஆட்சியே பெரும்பான்மையை இழந்தது. ஆயினும் வாலிபர்களுக்குக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறவேண்டும் என்று பின்வந்த எந்த அரசும் முனையவில்லை.

நம் சமுதாயத்திற்குள்ளேயே சான்று வேண்டுமெனில், கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் வாழ்வைப் பார்க்கலாம். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவர், 1909இல், பதின்மூன்று வயதுச் சிறுவராக இருந்தபோதே அங்கு முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்து பொதுவாழ்வில் இறங்கினார். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதற்காக வாதாடிய குரல் அவருடையது. அக்குரல் அந்தப் பெருஞ்சபையில் திடீரென்று முளைத்ததன்று. பேட்டையின் சிறுவர் சங்கத்தில் பேசிப் பழகிய குரல் அது. அன்று ஊரார், "சிறுவனே, உட்கார்" என்று சொல்லியிருந்தால் நமக்கு நேர்ந்திருக்கும் இழப்பை எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யவேண்டியவை

இன்று வாலிபர்களுக்குத் திறந்திருக்கும் வாயில்கள் பல. 2022 ஆகஸ்ட் முதல், ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாள்களும் வாக்காளர் தகுதிக்கான நாள்களாகக் கொள்ளப்படுகின்றன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே படிவம் 6இல் விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்தவர் உள்ளாட்சித் தேர்தலிலும், 25 வயது நிறைந்தவர் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களிலும் போட்டியிடலாம். ஊராட்சிகளில் கூடும் கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகங்களிடம் தகவல் கோரலாம்.

ஆனால் இவ்வாயில்களுக்குள் நுழையும் துணிவு வீட்டிலும் மஹல்லாவிலும்தான் பிறக்கும். சொந்த ஜமாஅத்தில் ஒரு கணக்கைக் கேட்க அஞ்சியவர், கிராம சபையில் சாலையைப் பற்றி எவ்வாறு கேட்பார்? எனவே மூன்று காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் நம் மஹல்லாவில் 17 வயது நிறைந்த ஆண், பெண் மக்களின் பட்டியலைத் தயாரித்து, விடுபடாமல் அவர்களை விண்ணப்பிக்கச் செய்யவேண்டும். நம் பெண்மக்களின் பெயர்கள் திருமணத்திற்குப் பின் பட்டியலில் இடம் மாறாமல் நின்றுவிடுவதும் உண்டு, அதையும் கவனிக்கவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு துணைக்குழுவிலும் 25 வயதிற்குட்பட்ட இருவருக்கு இடமளிக்கவேண்டும். மூன்றாவது, பொதுக்குழுவில் கேள்விகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்கி, இளையோரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். எக்கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. அதில் ஜமாஅத் தலையிட வேண்டியதில்லை.

வாலிபச் சகோதரர்களுக்கும் ஒரு சொல். உஹதுக்குப் புறப்படும் முன், நபியவர்களை வற்புறுத்திவிட்டோமோ என்று வருந்தி, தம் கருத்தை விட்டுக்கொடுக்க அன்றைய வாலிபர்கள் முன்வந்தனர். வாதாடும் உரிமையோடு, பிறர் கருத்துக்குச் செவிசாய்க்கும் பண்பும் அவர்களிடம் இருந்தது. கேள்வி கேளுங்கள், விடை வரும்வரை பொறுமையோடு அமர்ந்திருங்கள். கருத்து வேறுபட்டவரோடு அடுத்த வக்தில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுங்கள்.

அன்று அமரவைக்கப்பட்ட அந்த வாலிபருக்காக நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். அக்கடமையில் தவறினேன். நம் ஜமாஅத்தின் பொதுக்குழுவில் அடுத்து ஒரு வாலிபர் எழும்போது, முத்தவல்லி அவர்களும் பெரியோர்களும், "சொல்லுங்க தம்பி" என்று கூறவேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் சபைகளை நீதியும் நல்லாலோசனையும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.