ஒப்பந்தத்தின் வயதும் குடியேறியோரின் நிலையும்: ஜப்பான் – பிரேசில் நட்புறவு, ஒரு மறுவாசிப்பு

ஜப்பானும் பிரேசிலும் 1895 நவம்பர் 5 அன்று பாரிசில் நட்பு, வணிக, கடற்பயண ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் 130ஆம் ஆண்டு நிறைவை 2025இல் இரு அரசுகளும் கொண்டாடின. ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் நாடு பிரேசில்தான். அவர்களை நட்புக்குப் பாலமாக அமைந்தவர்கள் என்று போற்றுவது விழா மேடைகளின் மரபு. ஆனால் குடிப்பெயர்வே நட்பை வளர்த்தது என்னும் இக்கருத்துக்கு வரலாறு முழுச் சான்று தரவில்லை. உறவைத் தோற்றுவித்தவையும் நிறுத்தியவையும் மீட்டவையும் அரசுகளின் தேவைகளே. அத்தேவைகள் மாறியபோதெல்லாம் விலை கொடுத்தவர்கள் குடிபெயர்ந்தோர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பந்தத்துக்கும் முதல் குடியேற்றத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியை நிரப்பியது நட்பன்று, ஆள் பற்றாக்குறை. பிரேசிலில் 1888இல் அடிமைமுறை ஒழிந்தபின் சாவோ பாவ்லோவின் காப்பித் தோட்டங்கள் இத்தாலியக் குடும்பங்களை நம்பியிருந்தன. தோட்டங்களில் நிலவிய கொடுமைகளைக் கருதி, உதவித்தொகையுடன் நடந்த குடியேற்றத்தை 1902இல் இத்தாலி தடைசெய்தது. மறுபுறம், 1907–08இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஜப்பான் தன் தொழிலாளர்களை அங்கே அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஒரு நாட்டுக்கு ஆள் வேண்டும். மற்றொன்றுக்கு ஆளை அனுப்ப இடம் வேண்டும். 1908 ஜூன் 18 அன்று ‘கசாத்தோ மாரு’ கப்பல் 781 ஒப்பந்தக் குடியேறிகளுடன் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. சொன்ன வருவாய் கிடைக்காததால் அவர்களுள் பலர் விரைவிலேயே தோட்டங்களை விட்டு வெளியேறினர்.

1920களில் ஜப்பானிய அரசே பயணச் செலவை ஏற்றது. 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கினர். எண்ணிக்கை மிகுந்திருந்த அதே 1934இல் பிரேசிலின் புதிய அரசியலமைப்பு ஒவ்வொரு நாட்டவர்க்கும் ஆண்டு வரம்பு விதித்தது: முந்தைய ஐம்பது ஆண்டுகளில் குடியேறிய அந்நாட்டவரின் மொத்தத் தொகையில் 2 விழுக்காடு. பொதுவிதியாகத் தோன்றினாலும், பிந்தி வந்த ஜப்பானியரையே இது கடுமையாகத் தாக்கியது. அதிபர் வர்காஸின் ‘புதிய அரசு’ அயல்மொழிப் பள்ளிகளை முடக்கியது. ஜப்பானிய மொழி இதழ்களும் நின்றன. 1942 ஜனவரியில் தூதரக உறவு முறிந்தது. 1943 ஜூலையில் சாந்தோஸ் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் ஒருநாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டன. ஜப்பான்மீது பிரேசில் போர் அறிவித்ததோ 1945 ஜூனில்தான். தண்டனை முந்தியது, போர் பிந்தியது என்னும் இந்தக் கால வரிசை கருதத்தக்கது. குடியேறியோர் மீதான ஐயத்தைப் போர் பிறப்பிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு அது சாக்காயிற்று. போர் முடிந்தபின்னும் அந்த ஐயம் ஓயவில்லை. 1946இல் அரசியலமைப்பு அவையில் ஜப்பானியர் குடியேற்றத்தை அறவே தடைசெய்யும் திருத்தத்துக்கு ஆதரவாக 99, எதிராக 99 வாக்குகள் விழுந்தன. அவைத் தலைவர் மெலோ வியானாவின் வாக்கே அதைத் தோற்கடித்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1952இல் மீண்ட உறவு விரைந்து செழித்ததே, அதற்குக் குடியேறியோர் அடித்தளம் அல்லரோ? ஓரளவு உண்மை. 1927இல் உருளைக்கிழங்கு விவசாயிகள் நிறுவிய கோத்தியா கூட்டுறவுச் சங்கம் 1955 முதல் ஜப்பானிய இளைஞர்களை வரவழைத்தது. 1970களில் அதன் உறுப்பினர்கள் மினாஸ் ஜெராயிஸின் செராடோ புல்வெளியில் வேளாண்மை தொடங்கினர். ஆனால் செராடோவை நோக்கி ஜப்பானிய அரசைத் திருப்பியது, 1973இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைத் தடைசெய்தபோது எழுந்த உணவு அச்சம். 1974இல் பிரதமர் தனாகா பிரேசில் சென்றார். 1979இல் கூட்டு வேளாண் திட்டம் தொடங்கியது. குடியேறியோரின் அனுபவம் திட்டத்துக்கு வழியமைத்தது. அரசை நகர்த்திய விசை வேறு.

பயணத் திசை மாறியபோதும் இதே நிலைதான். தொழிலாளர் தட்டுப்பாட்டால் ஜப்பான், 1990இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தின் மூலம், மூன்றாம் தலைமுறை வரையிலான வம்சாவளியினருக்கு வேலைசெய்யும் உரிமையுடன் கதவைத் திறந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிரேசிலியர் அங்கே வாழும் நிலை உருவானது. 2009இல், பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோருக்கு ஜப்பானிய அரசு தலா மூன்று லட்சம் யென் தந்து, அதே தகுதியில் திரும்பி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிவைத்தது. வம்சாவளி உறவு என்று அழைக்கப்பட்டவர்கள் உபரித் தொழிலாளர்களாகக் கணக்கிடப்பட்டனர்.

எனவே நட்பை அளக்க ஒப்பந்தத்தின் வயது போதாது. நெருக்கடியில் குடியேறியோருக்கு எஞ்சும் உரிமையே தகுந்த அளவுகோல். இரு நாடுகளிலும் செலுத்திய காப்பீட்டுக் காலத்தைச் சேர்த்து ஓய்வூதியத்துக்குக் கணக்கிடும் 2012இன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம், இவ்வகையில் பல அரசுமுறைப் பயணங்களைவிடப் பெறுமதியானது. 2024 ஜூலையில் பிரேசிலின் பொதுமன்னிப்பு ஆணையம் போர்க்கால, போர்ப்பிற்காலக் கொடுமைகளுக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அதைக் கோரி நின்றது பிரேசிலிலுள்ள ஒகினாவா வம்சாவளியினரின் சங்கம். நட்பின் வரலாற்றில் விடுபட்டிருந்த பக்கத்தை எழுதச் செய்தவர்கள், பாலமாக அன்றிக் குடிமக்களாகப் பேசிய அவர்களே.