தாய்லாந்து எல்லை முகாம்களில் பர்மிய அகதி இளைஞர் கல்வி

தாய்லாந்து–மியன்மா எல்லையிலுள்ள ஒன்பது அகதி முகாம்களிலும் அவற்றையொட்டிய ஊர்களிலும் 1984 முதல் நடந்துவரும் கல்வி முயற்சிகளை இக்கட்டுரை விவரிக்கிறது. ‘பர்மா அகதி’ என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவோர் 1960களில் ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள். இங்கே பேசப்படுவோர் பெரும்பாலும் கரென், கரென்னி இனத்தவர்.

கோடைதோறும் பர்மியப் படை கரென் மலைக் கிராமங்களைத் தாக்கும். மக்கள் எல்லையிலுள்ள மோய் ஆற்றைக் கடந்து தப்புவார்கள். மழை தொடங்கிப் படை பின்வாங்கியதும் ஊர் திரும்புவார்கள். 1984இல் படை பின்வாங்கவில்லை. ஏறத்தாழ 10,000 பேர் தாய்லாந்துப் பக்கமே தங்கிவிட்டார்கள். அவர்களோடு ஊர் வாத்தியார்களும் வந்திருந்ததால் பள்ளியும் கூடவே வந்தது. மூங்கிலை வெட்டி, இலைக் கூரை வேய்ந்து வகுப்புகளைத் தொடங்கியவர்கள் அகதிகளே. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் அல்ல. இந்த வரலாற்றில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி இது. பாடத்திட்டம், பர்மியப் படையை எதிர்த்துப் போராடிய கரென் தேசிய ஒன்றியத்தின் கல்வித்துறை வகுத்தது. பயிற்று மொழி ஸ்கா கரென். பர்மியமும் ஆங்கிலமும் பாடங்கள்.

1995 ஜனவரியில் அந்த ஒன்றியத்தின் தலைமையகமான மானர்ப்ளா பர்மியப் படையிடம் வீழ்ந்தது. எல்லை தாண்டி வந்த ஆயுதக் குழுக்கள் முகாம்களையும் தாக்கத் தொடங்கவே, சிதறிக் கிடந்த சிறு குடியிருப்புகளைத் தாய்லாந்து அரசு ஒன்றுசேர்த்தது. டாக் மாகாணத்தின் மே லா அப்படித்தான் பெரிய முகாமானது. அகதிகள் மெல்ல வேலிக்குள் அடைபட்டார்கள். அதே காலத்தில்தான் கல்வி உதவிக்கு அரசு அனுமதியும் கிடைத்தது: நெதர்லாந்தின் சோவா அமைப்பு கரென் முகாம்களிலும், இயேசு சபையின் அகதிகள் பணி கரென்னி முகாம்களிலும் நூல், ஆசிரியர் பயிற்சி, மதிப்பூதியம் என்று கைகொடுத்தன. ஆனால் நிலையான கட்டடத்துக்கு அனுமதி இல்லை. அகதிகள் தற்காலிகமாகத் தங்குவோர் என்பது அரசின் நிலை. எனவே பள்ளியும் மூங்கிலாகவே இருக்க வேண்டியதாயிற்று. ஒரே கொட்டகையில் பக்கத்து வகுப்பு உரக்க ஒப்பிக்கும் வாய்ப்பாடு இந்த வகுப்பின் இலக்கணத்தை விழுங்கிவிடும். மழை வலுத்தால் இரண்டுமே கேட்காது.

இந்தப் பள்ளிகளுக்கென்றே ஆற்றைக் கடந்து வந்த பிள்ளைகளும் உண்டு. உள்நாட்டில் பள்ளிகள் எரிக்கப்பட்ட அல்லது ஐந்தாம் வகுப்போடு நின்ற ஊர்களிலிருந்து பெற்றோர் தனியே அனுப்பிவைத்தவர்கள் அவர்கள். முகாமின் மாணவர் விடுதிகளில் தங்கி, ரேஷன் அரிசியையும் பருப்பையும் உண்டு படித்தார்கள். போரிலிருந்து மட்டுமே ஓடிவந்தவர்களாக அகதிகளைக் காணும் பார்வைக்கு இவர்கள் அகப்படுவதில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின்தான் சுவர். முகாம்களில் ‘போஸ்ட்-டென்’ எனப்படும் மேல்நிலைப் படிப்புகள் முளைத்தன. மே லாவில் கரென் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியும் இயங்கியது. ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் எல்லையில் பட்டயப் படிப்பை நடத்தியது. இடங்களோ மிகச் சில. முகாம் சான்றிதழை மியன்மா அரசும் ஏற்கவில்லை, தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களும் ஏற்கவில்லை. அனுமதியின்றி வெளியே வேலை செய்தால் கைது. நன்றாகப் படித்தவருக்கு மிஞ்சிய இயல்பான வேலை, அதே முகாமில் சொற்ப ஊதியத்துக்கு ஆசிரியராவது. இளைஞர்களின் குறை பெரும்பாலும் படிப்பைப் பற்றியதாக இருந்ததில்லை. அதற்கு யாரும் மதிப்புத் தராததைப் பற்றியதாகவே இருந்தது.

2005இல் தொடங்கிய மூன்றாம் நாட்டுக் குடியேற்றம் ஒரு கதவைத் திறந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் முதலிலேயே கிளம்பிவிட, பயிற்சி பெறாத இளைஞர்கள் கரும்பலகை முன் நிறுத்தப்பட்டார்கள். உதவி தேடித்தந்த நல்வாய்ப்பே பள்ளிகளைப் பலவீனப்படுத்தியது என்பதை மறுக்க இயலாது.

முகாமுக்கு வெளியே மே சோட் நகரைச் சுற்றிப் புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகளுக்கான கற்றல் மையங்கள் வளர்ந்தன. மருத்துவர் சிந்தியா மாங் 1989இல் தொடங்கிய மே தாவ் மருத்துவமனையின் ஊழியர் பிள்ளைகளுக்காக உருவான பள்ளி இவற்றில் பெயர்பெற்றது. ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிகளைத் திறக்கும் தீர்மானத்தைத் தாய்லாந்து அமைச்சரவை 2005இல் நிறைவேற்றியது. எனினும் மொழியும் பெற்றோரின் அலைச்சலான கூலிவேலையும் பலரைத் தடுத்தன.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பின் வந்தவர்கள் வேறு வகையினர்: வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள், பாதியில் பல்கலைக்கழகத்தை விட்ட நகரத்து மாணவர்கள். பள்ளியிறுதிச் சான்றுக்கு இணையான அமெரிக்காவின் ஜி.இ.டி. தேர்வு மே சோட்டில் பெரும் வரவேற்பைப் பெற்றது; பல்கலைக்கழகம் ஏற்கும் தாள் ஒன்று கையில் வேண்டும் என்ற பழைய தேவைதான் காரணம்.

அமெரிக்க நிதிக் குறைப்பால் 2025 ஜூலை இறுதியோடு முகாமிலுள்ள பெரும்பாலோருக்கு உணவு உதவி நின்றது. அடுத்த மாதமே, முகாம் அகதிகள் சட்டப்படி வெளியே வேலை செய்யத் தாய்லாந்து அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாற்பதாண்டு காலம் தாயகம் திரும்புவதையோ மேலைநாடு செல்வதையோ மனத்தில் வைத்துக் கரெனும் ஆங்கிலமும் கற்பித்த பள்ளிகளிடம் பெற்றோர் இப்போது முதலில் கேட்க வேண்டியிருப்பது தாய்லாந்து மொழி வகுப்பு.