பின்னால் தள்ளுகிற என்ஜின்

“ஏனுங்ண்ணா, முன்னாடி இஞ்சினையே காணோம்?” என்றான், திருப்பூரில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிற தம்பி. விடியுமுன்னே அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வந்து உதகை ரயிலில் இடம் பிடித்திருந்தோம். குன்னூர் ஏற்றத்தில் என்ஜின் பின்னால் நின்று தள்ளும். முகப்பில் இருப்பது முதல் வகுப்பு. அங்கே அமர்ந்தவருக்கு மலை தெரியும், பள்ளத்தாக்கு தெரியும், தள்ளுவது தெரியாது. இந்த ரயிலின் வரலாறும் பெரும்பாலும் அந்தச் சன்னலிலிருந்தே எழுதப்பட்டிருப்பதாக எனக்குப் படுகிறது.

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். 1870இலிருந்து உதகை சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகர். ரயில் யோசனை 1854இலேயே எழுந்தாலும் குன்னூர்வரை வண்டி ஓடியது 1899இல். உதகையை எட்டியது 1908இல். அதுவரை துரைமார் எப்படி ஏறினார்கள்? குதிரை, மாட்டுவண்டி, இவற்றோடு பல்லக்குத் தூக்கிகளின் தோள். அதிகாரம் வெயிலுக்கு ஒதுங்கிய பாதை இது. ‘இயற்கை எழில்’ பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சொல்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். இம்முறைக்கு ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பெயர் நிலைத்துவிட்டது. 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று கணக்கும் துல்லியமாக இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாறை குடைந்த கூலிகளின் பெயரை மட்டும் வழியில் எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை.

அவர்களது உழைப்பின் தொடர்ச்சி இன்றும் கண்ணெதிரே நிற்கிறது: பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியோடு. இறக்கத்தில் நம் உயிர் அவர் கைப்பிடியில். பயணிகளின் கேமரா அவரைத் தாண்டி அருவியைத் தேடுகிறது.

காட்சி அழகில்லை என்று சொல்ல வரவில்லை. நானும் வாய்பிளந்து பார்த்தவன்தான். ஆனால் உழைப்பை மறைத்துத்தான் இந்த அழகு கட்டமைக்கப்படுகிறது. பீஸ் ரேட்டில் வாழ்கிற தம்பி அதைத் தன் கணக்கில் சொன்னான்: “இங்க மெதுவாப் போறதுக்கு நாம காசு குடுக்கறோம். அங்க மெதுவாத் தெச்சா நமக்குக் காசில்லீங்.”

குன்னூரில் இறங்கியதும் எல்லோரும் டீக்கடைக்கு ஓடினார்கள். அவன் பின்பக்கம் நடந்தான், என்ஜினைப் பார்க்க.